பொருளியலில் அகிம்சை கண்ட குமரப்பா

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றிவரும் நம் சமூகத்தார், உண்பதிலும் நீர் அருந்துவதிலும் தொன்றுதொட்டு மிகுந்த கவனம் செலுத்தி வந்துள்ளனர். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல், தேன், கள், ஊன் ஆகியவற்றை அறவே நீக்குதல் முதலிய ஒழுக்கங்கள் இன்றும் நம் இல்லங்களில் வழக்கில் உள்ளன. நம் கையால் நேரும் ஊறு எது என்பதை நாம் நன்கு அறிவோம். ஆனால் கடையில் விலைகொடுத்து வாங்கும் ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேருமுன், அதனால் எத்தனை உயிர்கள் துன்புற்றன என்னும் வினாவை நாம் அத்துணை அழுத்தமாக எழுப்பிக்கொள்வதில்லை.

இவ்வினாவையே தம் வாழ்நாள் முழுதும் எழுப்பிய பெருமகனார் ஒருவர் தமிழகத்தில் பிறந்தார். அவர் பிறப்பால் சமணர் அல்லர், கிறித்தவர். துறவி அல்லர், கணக்குத் தணிக்கையாளர். காந்தியடிகளின் பொருளியல் அறிஞர் எனப் போற்றப்பெற்ற ஜே.சி. குமரப்பா அவர்களே அப்பெருமகனார். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் குடும்பத்தினர் அவரது வரலாற்றை அறிந்துகொள்வது பெரிதும் பயன் தரும்.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். தந்தையார் அரசுப் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் அம்மையார் இரக்க குணமும் சமயப்பற்றும் மிக்கவர். ஒழுங்கைத் தந்தையாரிடமிருந்தும் பிற உயிர்பால் பரிவைத் தாயாரிடமிருந்தும் அவர் பெற்றார் என்பர்.

இளமையில் இலண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்று தேர்ச்சி பெற்றார். 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் அத்தொழிலை மேற்கொண்டார். பின்னர் தாமே ஒரு தணிக்கை நிறுவனத்தையும் கூட்டாக நடத்தினார். வருவாய் நிறைந்திருந்தது. மேலைநாட்டு உடையும் உணவும் பழக்கமும் அவருக்கு இயல்பாகிவிட்டன. அந்நாளில் அவரைக் கண்டோர், பிற்காலத்தில் இவர் கதர் உடுத்திக் குடிசையில் வாழ்வார் என்று கனவிலும் எண்ணியிருக்க இயலாது.

1927இல் அமெரிக்கா சென்ற அவர், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றபின், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் கற்றார். அங்கு ஒரு நாள், இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார். அதுகாறும் வணிகர்களின் ஏடுகளில் வரவையும் செலவையும் சரிபார்த்து வந்த குமரப்பா, முதன்முறையாக ஒரு நாட்டின் ஏட்டைப் புரட்டத் தொடங்கினார். ஏழைகளிடம் தண்டப்பட்ட வரி அவர்களுடைய நலனுக்குத் திரும்பவில்லை என்பதை அந்த ஏடே அவருக்குக் காட்டிற்று.

சபர்மதியில் ஒரு பிற்பகல்

தாயகம் திரும்பிய குமரப்பா தம் ஆய்வை அச்சிட விரும்பினார். காந்தியடிகளிடம் அதனைக் காட்டுமாறு நண்பர்கள் கூறவே, 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தை அடைந்தார். மடிப்புக் கலையாத மேலைநாட்டு உடையும் கையில் ஊன்றுகோலுமாகக் குறித்த நேரத்திற்கு முன்னரே வந்துவிட்ட அவர், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு நின்றார். அம்முதியவரே காந்தியடிகள் என அறிந்ததும், தம் உயர்ந்த உடையைப் பற்றிக் கவலையுறாமல் அத்தரையிலேயே அமர்ந்தார். நாற்காலி கொண்டுவரப்பட்டபோதும் அதனை அவர் ஏற்கவில்லை.

அவரது ஆய்வுரை 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளிவந்தது. குசராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் சிற்றூர்களின் பொருளாதார நிலையை ஆராயும் பணியை அடிகள் அவரிடம் ஒப்படைத்தார். குசராத் வித்யாபீட மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று, உழவன் வீட்டு அடுப்படி வரை புகுந்து வரவு செலவைக் குறித்தெடுத்தார். வயிறார உண்ணாத மக்களே உலகிற்கு உணவு விளைவிக்கின்றனர் என்னும் உண்மை அவர் உள்ளத்தைத் தைத்தது. பம்பாய்த் தொழிலையும் வருவாயையும் துறந்தார். கார்னீலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டார். இறுதிவரை மணம் புரிந்துகொள்ளவில்லை.

கணக்கில் கண்டிப்பு

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த துயர்துடைப்புக் குழுவின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. பொதுமக்கள் அளித்த காசில் ஒரு தம்பிடியும் வீண்போகலாகாது எனக் கருதிய அவர், தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு 3 அணா என வரம்பு கட்டினார். காந்தியடிகளும் அவருடன் வந்த குழுவினரும் அங்கு தங்கியபோது, அவர்களுடைய உணவுச் செலவையும் ஊர்திச் செலவையும் குழுவின் நிதியிலிருந்து தர இயலாதென அறிவித்துவிட்டார். அடிகள் அதனைக் கேட்டுச் சினவாமல் ஏற்றுக்கொண்டார்.

தாம் தெய்வமெனப் போற்றிய ஆசானிடத்தும் கணக்கில் தளராத இவ்வுறுதி, வணிகம் செய்யும் நம்மவர் நெஞ்சில் நிறுத்தத் தக்கது. இக்கணக்கு உணர்வையே அவர் பின்னர் உணவிலும் மண்ணிலும் செலுத்தினார்.

மகன்வாடியில் தொண்டு

1934ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் தோன்றியது. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் மகன்வாடி என்னும் பெயருடன் அதன் இருப்பிடமாயிற்று. அதனைக் கட்டி வளர்த்த பெருமை குமரப்பாவையே சாரும்.

அங்கு நடந்த பணிகள் எளியவை, பயனோ பெரிது. ஆலையில் தீட்டிய வெண்ணிற அரிசியில் தவிட்டோடு சத்தும் நீங்கிவிடுவதையும், அதனால் பெரிபெரி என்னும் நோய் வருவதையும் எடுத்துக்காட்டிக் கைக்குத்தல் அரிசியைப் பரப்பினர். செக்கில் எண்ணெய் ஆட்டினர். வெள்ளைச் சர்க்கரைக்கு மாறாக வெல்லத்தையும் பனைவெல்லத்தையும் போற்றினர். கரும்பு நல்ல வயலையும் மிகுந்த நீரையும் வேண்டுவது; பனையோ கரம்பிலும் மணலிலும் தானே வளர்வது. இனிப்புக்குப் பனையை நாடினால் வயல் நெல்லுக்கும் பயறுக்கும் மிஞ்சும் என்பது குமரப்பாவின் கணக்கு. பழைய துணியிலிருந்தும் தாவர நாரிலிருந்தும் கையால் காகிதம் செய்தனர். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கை உருவாக்கினர். மனிதக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் இலைதழைகளையும் குழியிலிட்டு எருவாக்கினர். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்பது அங்கு நாள்தோறும் கடைப்பிடிக்கப்பட்டது. இரசாயன உரம் சிலகாலம் மண்ணை ஊக்கிப் பின் அதன் வளத்தைக் குன்றச் செய்யும் என அவர் அந்நாளிலேயே எச்சரித்தார்.

சிறையில் எழுந்த நூல்

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டத்தின்போது சிறைப்பட்ட குமரப்பா, 1945 வரை பெரும்பகுதி ஜபல்பூர்ச் சிறையில் கழித்தார். அங்குதான் நிலைத்த பொருளியல் என்று பொருள்படும் தம் தலைசிறந்த நூலை எழுதினார். காந்தியடிகள் அதற்கு முன்னுரை அளித்தார்.

அந்நூலின் சாரத்தைச் சுருங்கக் கூறுவோம். இயற்கையில் செல்வம் இருவகைப்படும். ஒன்று ஓடும் செல்வம். எடுக்க எடுக்க மீண்டும் ஊறுவது. காடு, பயிர், மழைநீர் முதலியன இவ்வகை. மற்றொன்று இருப்புச் செல்வம். எடுத்த அளவு குறைவது. நிலக்கரி, பெட்ரோலியம், கனிமங்கள் முதலியன இவ்வகை. நம் வட்டாரத்தார் இதனை எளிதில் உணர்வர். கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தில் எடுத்த நீரை அடுத்த பருவமழை மீண்டும் நிரப்பும். சுரங்கத்தில் எடுத்த இரும்புக்கல்லை எம்மழையும் நிரப்பாது. இருப்பு குறையக் குறையப் போட்டியும் பகையும் போரும் விளையும். ஆகவே ஓடும் செல்வத்தைச் சார்ந்த வாழ்வே அகிம்சை வாழ்வு என்பது குமரப்பாவின் முடிபு.

உயிர்கள் பொருள் ஈட்டும் முறையை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். பிறவுயிரைக் கொன்று வாழும் புலி கீழ்ப்படியில் நிற்கிறது. பயிரிடாமலே மாந்தோப்பில் புகுந்து கனியைக் கவரும் குரங்கு அடுத்தது. தன் உழைப்பால் கூடு கட்டும் பறவை மூன்றாவது. தன் கூட்டத்திற்காக உழைக்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை உச்சியில் விளங்குகிறது. மனிதன் எப்படியில் நிற்கின்றான் என்பதை அவன் அணியும் உடையும் உண்ணும் உணவுமே காட்டிவிடும்.

ஒரு இலட்சம் மக்களுக்கு வேண்டிய உணவை அவ்வட்டாரத்து நிலமே விளைவிக்கும் வண்ணம் ஒரு திட்டத்தையும் அவர் வகுத்தார். தானியம், பருப்பு, வெல்லம், கொட்டைவகை, எண்ணெய், நெய், பால், காய், கிழங்கு, கனி ஆகியவற்றால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2860 கலோரி கிடைக்குமாறு கணக்கிட்டு, ஒவ்வொரு பயிருக்கும் உரிய நிலப்பரப்பைப் பங்கிட்டார். சந்தை விலையை நோக்காமல், மக்களின் தேவையை முதலில் நோக்கிய பயிர்த்திட்டம் அது.

இவை அனைத்தினும் நம் சிந்தனைக்கு உரியது மற்றொன்று. அடிமைபோல் வருத்தப்பட்ட தொழிலாளர் விளைவித்த கொக்கோவை வாங்குவோர், அக்கொடுமையிலும் பங்காளிகள் ஆகின்றனர் என்று அவர் எழுதினார். தாம் வாங்கும் பொருள் எவ்வழியில் உருவாயிற்று என அறியும் கடமை வாங்குவோர்க்கு உண்டு. அறிய இயலாத தொலைவிலிருந்து வரும் பொருளைக் குறைத்து, கண்முன் உருவாகும் பொருளை நாடுவதற்கு அவர் கூறிய காரணம் இதுவே.

ஜினநெறியும் குமரப்பாவும்

இக்கருத்து நமக்குப் புதியதன்று. ஒரு தீவினையைத் தானே செய்தாலும், பிறரைக் கொண்டு செய்வித்தாலும், செய்வதற்கு உடன்பட்டாலும் வினை ஒட்டும் என்று நம் ஆகமங்கள் மூவகையாக விரித்துரைக்கின்றன. குமரப்பா கூறிய வாங்குவோர் பொறுப்பு இவற்றுள் பின்னிரண்டின் பாற்படும். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வன எனத் தத்துவார்த்த சூத்திரம் உணர்த்தும். தேனீயும் பறவையும் செடிகொடிகளும் ஒன்றையொன்று தாங்கும் பாங்கைத் தம் நூலின் முதற்பகுதியில் அவர் விளக்கியிருப்பதும் அதனோடு ஒத்துச் செல்கின்றது.

சமந்தபத்திர ஆச்சாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் அனர்த்ததண்ட விரதத்தைக் கூறுகையில், பயனின்றி நிலத்தை அகழ்தலையும் நீரைச் சிந்துதலையும் தீ மூட்டுதலையும் செடிகொடிகளை வெட்டுதலையும் குற்றமெனக் கடிகின்றது. இன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்னும் பெயரில் உலகம் பேசுவதை நம் ஆச்சாரியர் விரதமாகவே வைத்துச் சென்றார். தமிழில் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு அவ்வழியையே காட்டுகின்றது.

எனினும் குமரப்பா கூறிய அனைத்தும் நமக்கு உடன்பாடு எனல் பொருந்தாது. மகன்வாடியில் தேனீ வளர்ப்பு கற்பிக்கப்பட்டது. கூட்டைப் பிழியாமல் எடுப்பதால் அதில் ஊறு குறைவு என்பது அவர்கள் வாதம். தேனை அறவே விலக்கும் நம் நெறிக்கு அது ஏலாது. தானே இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் தொழிலையும் அங்கு வளர்த்தனர். அதுவும் நாம் மேற்கொள்ளத் தக்கதன்று. கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுதல் அறிவுடையோர் கடன்.

இறுதி நாட்கள்

நாடு விடுதலை பெற்றபின் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராக அமர்ந்த குமரப்பா, 1949இல் அதன் அறிக்கையை அளித்தார். ஆனால் நாடு பெருந்தொழில் வழியிலேயே விரைந்தது. தம் சொல் ஏறாமை கண்டு வருந்திய அவர் பதவியை நாடவில்லை. வார்தாவுக்கு அருகே உழவு குறித்த ஆய்வுகளைச் சிலகாலம் நடத்தினார். இரத்த அழுத்த நோய் முற்றவே, 1950களின் நடுவில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டிக்கு வந்து, காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அவர் இருந்த எளிய இல்லத்தில் ஏழை உழவன் ஒருவனின் படம் மாட்டப்பட்டிருந்தது. காந்தியடிகள் தம் ஆசான் எனவும், அடிகளுக்கும் ஆசான் அவ்வுழவனே எனவும் அவர் கருதினார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் அவர் உயிர் நீத்தார்.

நம் வட்டாரமும் நம் கடமையும்

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் உழவையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் நம் முன்னோர். அவர்தம் வழிவந்த பலர் இன்று தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நாடி நகர்ப்புறங்களில் குடியேறியுள்ளனர். இரும்பும் இரசாயனமும் உந்துவண்டி உறுப்புகளும் நம் குடும்பத்தினர்க்குச் சோறு போடுகின்றன. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இருப்புப்பாதை, மின்சாரம் போன்றவற்றிற்குப் பெருந்தொழில் வேண்டுமென்பதைக் குமரப்பாவும் ஒப்புக்கொண்டார். ஆயினும் தொழிலால் நேரும் ஊறு வேறு. தேவையின்றி வாங்கி வீணாக்குவதால் நேரும் ஊறு வேறு. முன்னதனை நம் நூல்கள் உத்தியோக இம்சை என்று இல்லறத்தார்க்கு ஓரளவு பொறுக்கின்றன. பின்னதற்கு எவ்விலக்கும் இல்லை.

நம் பாட்டிமார் கிணற்றுநீரை வடிகட்டியபின் செய்த ஒரு செயலை இங்கு நினைவுகூர்தல் தகும். துணியில் தங்கிய நுண்ணுயிர்களைத் தரையில் உதறாமல், அத்துணியை வடித்த நீரால் அலசி, அவ்வுயிர்கள் எந்தக் கிணற்றிலிருந்து வந்தனவோ அக்கிணற்றிலேயே விடுவர். நீரை எடுத்துக்கொண்டவர்க்கு அந்நீர்நிலையில் வாழும் உயிர்கள்பால் கடமை உண்டு என்பதே அவ்வழக்கத்தின் உட்கருத்து. இன்று நாம் அருந்துவது குழாய்நீர், அல்லது குடத்தில் அடைத்து விற்கும் நீர். வடிகட்டும் வழக்கம் எஞ்சியிருப்பினும், திருப்பி விடுவதற்குக் கிணறு இல்லை. ஆனால் நம் இல்லத்துக் கழிவுநீரும் குப்பையும் சென்று சேரும் நீர்நிலைகள் உள்ளன. ஆரணியாறு பழவேற்காட்டுப் பக்கம் சென்று கலக்கின்றது. கொசத்தலை எண்ணூரை அடைகின்றது. வடிகட்டிய துணிக்குக் காட்டிய பரிவை அவ்வாறுகளுக்குக் காட்டுவதே இக்காலத்து நீர் விரதமாகும்.

ஆதலின் நம் இல்லங்களில் எளிதில் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

உணவில், தீட்டாத அரிசியையும் செக்கு எண்ணெயையும் அந்தந்தப் பருவத்துக் காய்கனிகளையும் விரும்பி ஏற்போமாக. அருகில் விளைந்ததற்கு முதலிடம் தருவோமாக. பகலுணவு விரதம் பூச்சிகளைக் காப்பதோடு விளக்கையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துவது என்பதைச் சிறார்க்கு விளக்குவோமாக. சமைத்தது எஞ்சாதவாறு அளந்து சமைப்போமாக.

நீரில், கஞ்சியையும் கொதிநீரையும் ஆறவைத்தே கொட்டும் பழைய வழக்கத்தை மீண்டும் கைக்கொள்வோமாக. சூட்டால் மண்ணிலும் வடிகாலிலும் உள்ள சிற்றுயிர்கள் மாயும். அரிசி, பருப்பு கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுவோமாக. சலவைத்தூளை அளவோடு இடுவோமாக.

தோட்டத்தில், மாடியில் நான்கு தொட்டிகளே இருப்பினும் அங்கு நஞ்சு தெளித்தல் வேண்டா. துளசி, கீரை, கறிவேப்பிலை ஆகியவை சிறிதிடத்தில் வளரும். காய்கறித் தோலை உலர்ந்த சருகோடு அடுக்கடுக்காக இட்டு, துளையிட்ட மண்பானையில் மூடிவைத்தால் சில மாதங்களில் எருவாகும். ஈரம் மிகின் புழுப்பூச்சிகள் பெருகி, கிளறும்போது மாயும். ஆதலின் சருகைத் தாராளமாக இட்டு, இயன்றவரை கிளறாமல் விடுதல் நலம். சருகைக் கொளுத்துதல் எவ்வகையிலும் ஆகாது. அதனுள் வாழும் உயிர்கள் பல.

ஆலயங்களில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடை விதித்துள்ளது. மகாவீர் ஜயந்தியிலும் அட்சய திருதியையிலும் வழங்கும் பானகத்தையும் கருப்பஞ்சாற்றையும் எவர்சில்வர்க் குவளையிலும், உணவை வாழையிலையிலும் தருவோமாக. பூசித்த மலர்கள் ஆலயத் தோட்டத்திற்கே எருவாகட்டும். புழல் ஏரிக்கு அருகே எழுந்தருளியுள்ள ஆதிநாதரைத் தரிசிக்கச் செல்வோர், கையோடு துணிப்பை கொண்டுசென்று, கொண்டுபோனவற்றின் குப்பையைத் தாமே திருப்பிக் கொண்டுவருவாராக. உழவைக் கற்பித்தருளிய முதல் தீர்த்தங்கரரின் சந்நிதியில் மண்ணைப் போற்றுவது மிகவும் பொருத்தமன்றோ!

இறுதியாக ஒன்று. நம் இல்லங்கள் பலவற்றில் வரவு செலவு எழுதும் பழக்கம் உண்டு. அவ்வேட்டில் மாதந்தோறும் மற்றொரு பத்தியைச் சேர்ப்போமாக. வாங்கியவற்றுள் எவை பயன்பட்டன, எவை பயனின்றிக் குப்பையாயின என்பதை அதில் எழுதுக. அப்பட்டியலே அடுத்த மாதத்திற்கு நாம் மேற்கொள்ள வேண்டிய பரிக்கிரக வரம்பைச் சொல்லும். பிறர் கணக்கைத் தணிக்கை செய்யத் தொடங்கிய குமரப்பா, தம் வாழ்வையே தணிக்கை செய்து உயர்ந்தார். அத்தணிக்கை நம் அடுக்களையில் தொடங்குமாயின், கண்ணுக்குத் தோன்றாத எண்ணற்ற உயிர்கள் அதனால் இன்புறும்.

அறம் தழைக்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!